சி-க்குக் கிழக்கே டி

"டொய்ங்" என்று ஒரு சத்தம். திரையின் வலது மூலையில் மஞ்சள் பலூன் ஒன்று எட்டிப் பார்க்கும். சி டிரைவில் இடமில்லை என்று சொல்லும். மூடினால் ஐந்து நிமிடத்தில் திரும்ப வரும்…

அப்போது எனக்கு இருபதுகளின் தொடக்கம். திருமயத்தில் ஒரு பத்திர எழுத்தரின் அலுவலகத்தில் வேலை. பி.எஸ்சி. முடித்திருந்தாலும் அங்கே எனக்குப் பெயர் "டைப் அடிக்கிற புள்ள". முதலாளி ராமையா சார். ஜெராக்ஸ் மெஷின் ஸ்டெல்லா அக்காவின் பொறுப்பு. இருந்தது ஒரே கம்ப்யூட்டர்.

அதைப் போட்டுக்கொடுத்தவர், நாற்பது ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் சி-க்கு நாலு, டி-க்கு முப்பத்தாறு என்று பிரித்துவிட்டுப் போயிருந்தார். விண்டோஸும் புரோகிராம்களும் சி-யில் மூச்சு முட்டிக் கிடந்தன. டி-யில் ஆறு வருடப் பத்திரங்கள். மீதி வெறும் இடம். பிரதி எடுத்து வைக்கும் பழக்கமெல்லாம் எங்களுக்குக் கிடையாது.

ஒருநாள் காலை சி-யில் துளி இடமும் இல்லாமல் பிரிண்ட் வருவதே நின்றுவிட்டது. அதுவும் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நடுவில்.

அண்ணன், தம்பி இரண்டு பேர். பல வருடம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு வழியாகச் சம்மதித்து வந்திருந்தார்கள். மறுநாள் காலை பதிவு. அன்று மாலையே தம்பி சிங்கப்பூர் கிளம்புகிறார். வேறு அலுவலகத்தில் முதலிலிருந்து அடிக்கலாம்தான். ஆனால் இன்னொரு தடவை வாசித்துக் காட்டினால், தம்பி பங்குக்குப் போன பலா மரத்தை அண்ணன் மறுபடி கேட்பார். அதோடு எல்லாம் போச்சு.

சர்வீஸ் ஆள் போனில், "நாளைக்கி வாரேன். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டாத்தான் சார் சரிப்படும்" என்றார்.

"நான் பாக்குறேன் சார்" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான்!

"ஏம்மா, நீ படிச்சது கம்ப்யூட்டரா, கணக்கா?"

"கணக்குதான் சார். ஆனா டி-யில எடம் சும்மா கெடக்கு. கொஞ்சம் எடுத்து சி-யோட சேத்துறலாம்."

"குடியிருக்கிற வீட்டச் செவுரோட நகத்துறேங்கிற!"

"நகத்தட்டுமே சார்" என்றார் ஸ்டெல்லா அக்கா. "அழிக்கிறதுக்குத்தான் நாளைக்கி ஆள் வருதுல்ல."

டிரைவ்களைச் சுருக்கவும் நீட்டவும் ஒரு சிடி, கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்தது, என் கைப்பையில் இருந்தது. போட்டேன். திரையில் இடமிருந்து வலமாக இரண்டு வண்ணப் பட்டைகள்… முதலில் சி, அடுத்து டி. டி-யைப் பத்து ஜிபி சுருக்கினேன். நடந்தது. சி-யை நீட்டப் போனேன். அசையவே இல்லை.

"என்னத்தா, ஒங்க பாகமும் இழுபறியா?" என்று பின்னாலிருந்து அண்ணன்காரர் சிரித்தார்.

காது சுட்டது. எந்தச் சொத்தானாலும் நான்கெல்லை அடிப்பதுதானே என் தினசரி வேலை… பழக்கத்தில் மனசுக்குள் அடித்துப் பார்த்தேன். சி-க்குக் கிழக்கே டி. டி-க்குக் கிழக்கே புறம்போக்கு.

அவ்வளவுதான் விஷயம்! காலி இடம் டி-யைத் தாண்டி அந்தப் பக்கம் கிடக்கிறது. சி-யை ஒட்டியே இல்லை. டி-யை அப்படியே, உள்ளே இருக்கும் பத்திரங்களோடு, கிழக்கே தள்ள வேண்டும்.

இருபது நிமிடத்தில் முடியும் என்று நினைத்து அழுத்திவிட்டேன். அதற்குப் பிறகுதான் திரை சொன்னது, இரண்டரை மணி நேரம் என்று. மணி அப்போது ஒன்பது நாற்பது. நடுவில் நிறுத்தினால் ஆறு வருடமும் காலி.

"பன்னெண்டு மணிக்குக் கரண்ட் போயிருமேம்மா?" என்றார் ராமையா சார். மின்வெட்டுக் காலம் அது. தினமும் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை எங்கள் முறை.

"யூபிஎஸ் இருக்குல்ல சார்."

"அது காமணி நேரந்தான தாங்கும்."

பட்டை நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ குடிக்கக்கூட யாரும் போகவில்லை.

சரியாகப் பன்னிரண்டு. ஃபேன் நின்றது. யூபிஎஸ் "பீப்… பீப்…" என்று ஆரம்பித்தது. பேட்டரியில் பெரும்பங்கை அந்தப் பழைய குண்டு மானிட்டர்தான் குடிக்கும். அதை அணைத்தேன்.

"ஏய், என்னத்த அமத்துன?" ராமையா சார் எழுந்துவிட்டார்.

"டிவி பொட்டிய மட்டுந்தான் சார். உள்ள வேல ஓடுது. கேளுங்க."

கறுத்த கண்ணாடி முன்னால் ஐந்து பேர். உள்ளே ஹார்ட் டிஸ்க் கரக், கரக் என்று நடந்துகொண்டிருந்தது. பீப் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. திடீரென்று கரக் நின்றது.

"போச்சா?" என்றார் அண்ணன்காரர்.

மானிட்டரைப் போட்டேன். அது வெளுத்து வருவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. பிழை எதுவும் இல்லை. டி போய்ச் சேர்ந்துவிட்டது! அவசரமாகக் கம்ப்யூட்டரை நிறுத்தினேன்.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் சி-யை நீட்டினேன். நாலு ஜிபி, பதினாலு ஆனது. பத்திரங்கள் அத்தனையும் டி-யில் பத்திரம். பிரிண்டர் முக்கி முனகிக் கடைசிப் பக்கம் வரை தள்ளியது.

"பாத்தியாண்ணே" என்றார் தம்பிக்காரர், "டி ஒரு வார்த்த பேசாம விட்டுக் குடுத்துருக்கு."

"அதுல பலா மரம் இல்லடா."

எல்லோரும் சிரித்தோம். அண்ணன்தான் அதிகம் சிரித்தார். மறுநாள் காலை இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்று பக்கத்து அலுவலகத்துக்காரரிடம் ராமையா சார் என்னைக் காட்டி, "எங்க கம்ப்யூட்டர இவங்கதான் பாக்குறாங்க" என்றார். அந்த "ங்க" இருக்கிறதே… மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை.

போன வாரம் வீட்டில் புது லேப்டாப்பில் டிரைவைப் பிரித்தேன். பதினோரு விநாடி. பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இல்லை, தேவையும் இல்லை.

"முடிஞ்சிருச்சா? அவ்வளவுதானா?" என்றார் என் வீட்டுக்காரர், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவ்வளவுதான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.