திருப்பி எறிந்த பந்து

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஏப்ரல் பிறந்தும் ரொறன்ரோவில் குளிர் விடவில்லை. நான் கனடாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. நகரின் மோர்னிங்சைட் பகுதியில் ஒரு தமிழ்த் தம்பதியின் வீட்டுக் கீழ்த்தளத்தில், பேஸ்மென்ற்றில், வாடகைக்கு இருந்துகொண்டு, கல்லூரியில் மின்னணுவியல் படித்தேன்.

அன்ரியும் அங்கிளும் எழுபதுகளிலேயே வந்தவர்கள். நகரத்துப் பேஸ்போல் அணி சொந்த மைதானத்தில் ஆடும் பருவத்தின் முதல் ஆட்டத்தை அவர்கள் தவறவிட்டதே இல்லை. அந்த வருடம் மட்டும் அங்கிள் இருதய அறுவைச் சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவருடைய ரிக்கெற் எனக்கு வந்தது.

ஆட்டத்துக்கு முதல் நாள் நாங்கள் அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் அன்ரியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “இந்த முறையாவது எனக்கொரு பந்து கொண்டு வாரும்.” கடையில் விற்கும் பந்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். பார்வையாளர் பக்கம் வந்து விழும் பந்து எடுத்தவருக்கே சொந்தம் என்பதும், அப்படி ஒன்றுக்காக அவர் இத்தனை வருடமாகக் காத்திருக்கிறார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

எதையும் பட்டியல் போடாமல் தொடங்குவது என் வழக்கமில்லை. நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து, ஆட்ட விதிகளைப் பதினான்கு வரிகளாக எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் அதை வாசித்துவிட்டு அன்ரி சிரித்தார். “சோதினைக்கோ போறாய்?”

அன்ரிக்குச் சேலைக்கு மேல் குளிரங்கி, தலையில் அணியின் தொப்பி, இடக்கையில் பந்து பிடிக்க அங்கிளின் பழைய தோல் கையுறை. ஆட்டக்காரர் ஓடித் தொடும் மூன்றாவது தளத்துக்குப் பின்னால் எங்கள் இருக்கை. கைப்பையில் ஒளித்துக் கொண்டுவந்த கட்லட்டை எனக்குத் தந்துவிட்டு அன்ரி நடுவரைப் பார்த்துத் தமிழில் கத்தினார். “டேய், கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்தனியோ?” முன்வரிசை வெள்ளைக்காரர்கள் அர்த்தம் புரியாமலே கைதட்டினார்கள்.

ஆட்டம் பாதியைத் தாண்டியிருக்கும். மட்டையில் பட்ட பந்தொன்று உயர எழுந்து எங்கள் பக்கமாக வந்தது. அன்ரி எழும்பிக் கையை நீட்டினார். பந்து கையுறையின் நுனியில் பட்டுத் தெறித்து, என் காலடியில் உருண்டது.

நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. குனிந்து எடுத்து, முழுப் பலத்தோடு மைதானத்துக்குள் எறிந்தேன்.

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ‘ஊ’ என்று கத்தினார்கள். அன்ரி கையுறையோடு அப்படியே நின்றார்.

“பந்தை ஏன் எறிஞ்சனி?”

“திருப்பிக் குடுத்தனான் அன்ரி. பந்தில்லாட்டி ஆட்டம் நிண்டு போயிடுமே.”

சொல்லும்போதே பார்த்தேன். நடுவர் இடுப்புப் பைக்குள் கைவிட்டு வேறொரு பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆட்டம் எப்போதோ தொடர்ந்திருந்தது. நான் எறிந்தது செயற்கைப் புல்லில் தனியாகக் கிடந்தது.

ஊரில் எங்கள் வீட்டு ஒடுங்கிய ஒழுங்கையில் அண்ணன்மார் கிரிக்கெட் விளையாடிய காலத்தில், போர்க்காலப் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பந்து வருவதில்லை. எல்லோருக்குமாக இருந்தது ஒரேயொரு ரெனிஸ் பந்து. அது யார் காலடியில் விழுந்தாலும் உடனே திருப்பி எறிய வேண்டும். அந்தப் பழக்கம் கடல் கடந்து என் கையோடு வந்திருந்தது.

அன்ரி கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மிச்சக் கட்லட்டும் பைக்குள்ளேயே கிடந்தது. எங்கள் அணி வென்றதா, தோற்றதா என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஆட்டம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிளிடம் நானே சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் வசனம் கோர்த்தேன். கட்டிலருகே போனதும் அன்ரி முந்திவிட்டார்.

“பந்து காலடிக்கு வந்ததப்பா. இந்தப் பிள்ளை ஆட்டம் நிண்டுபோயிடுமெண்டு திருப்பி எறிஞ்சுபோட்டுது.”

அங்கிள் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த தலையணையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வலிக்கிறதாக்கும் என்று பயந்துபோனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். “சிரிக்க வையாதையுங்கோ, தையல் இழுக்குது!” அவரும் யாழ்ப்பாணத்தில் ஒற்றைப் பந்துக்காக வேலி பாய்ந்தவர்தானே. அவர் சிரிக்கச் சிரிக்க, மத்தியானத்திலிருந்து இறுகியிருந்த அன்ரியின் முகமும் இளகியது.

அன்ரி என் பட்டியலைப் பற்றிச் சொன்னதும் அங்கிள் அதைக் கேட்டு வாங்கி, அடியில் ஒரு வரி எழுதித் தந்தார்.

“15. காலடிக்கு வந்த பந்து உனக்குத்தான். ஆட்டம் நிற்காது.”

அடுத்த வருடம் முதல் ஆட்டத்துக்கு மூவருமாகப் போனோம். எங்கள் பக்கம் ஒரு பந்தும் வரவில்லை. அந்தக் கடதாசி இன்னும் என்னிடம் இருக்கிறது. நல்லது ஏதாவது என்னைத் தேடி வரும்போதெல்லாம் என் கை முதலில் அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் எழுகிறது. அந்தப் பதினைந்தாவது வரியை நினைத்துக்கொண்டுதான் இன்றும் விரல்களை மூடிக்கொள்கிறேன்.