சீட் பெல்ட்டின் கடைசி முழம்

பழைய கார் வாங்கப் போகிறவன் முதலில் பானெட்டைத் திறக்கக் கூடாது. முன் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும்; மெதுவாக, கிணற்றில் வாளி இழுப்பதுபோல, அது முடிகிற வரைக்கும் இழுக்க வேண்டும். எல்லோரும் மாட்டிக்கொள்கிற அளவுக்கு இழுத்துவிட்டு, சரியாக இருக்கிறது என்பார்கள். அந்த அளவு வரைக்கும் விற்கிறவன் சோப்புப் போட்டுத் தேய்த்திருப்பான். கடைசி ஒரு முழம் மட்டும் சுருளுக்குள்ளேயே கிடக்கும். அதை எவனும் கழுவுவதில்லை. வண்டி வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்திருந்தால் அந்தக் கடைசி முழத்தில் அழுக்குக் கோடு ஒன்று நிற்கும். நான் பார்த்த கோடுகளுக்குக் கணக்கில்லை. ஆனால் கண்ணை மூடினால் வருவது ஒன்றுதான். என் சம்பந்தி வாங்கின வெள்ளைக் காரில் இருந்த கோடு. சுண்டுவிரல் அகலம், காப்பிக் கறை நிறம், ஓரத்தில் காய்ந்து ஒட்டின சேறு.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். என் அப்பன் அடுத்தவன் வயலில் கூலிக்கு நின்றார். நான் பதினோரு வயதில் லாரிப் பட்டறைக்கு வந்து, அடி வாங்கித் தொழில் படித்தேன். இன்றைக்கு மதுரை அவனியாபுரத்தில் என் சொந்தப் பட்டறையில் பதினாலு பேர் வேலை பார்க்கிறார்கள். ரோட்டில் போகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டே, எஞ்சினில் எங்கே இருமல் என்று சொல்லிவிடுவேன். டிகிரி முடித்த பையன்கள் மடிக்கணினியை மாட்டிவிட்டு அரை மணி நேரம் முழிக்கிற கோளாறை நான் எஞ்சின் மேல் ஒரு கையை வைத்துச் சொல்லியிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

சம்பந்தி அரசாங்க ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநகரில் வீடு. அவர் மகனும் என் மகளும் ஒரே கல்லூரியில் படித்து, விரும்பி, எங்கள் இரண்டு பேரையும் வேறு வழியில்லாமல் சம்பந்தியாக்கிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பின்னால் படிப்பும் பதவியும் ஒரு வரி ஓடியது. என் பெயருக்குப் பின்னால் பட்டறையின் பெயரைப் போடச் சொல்லியிருந்தேன். போடவில்லை. அச்சில் இடமில்லை என்றார். அதைக்கூட முழுங்கிவிட்டேன். முகூர்த்தத்தின்போது தாலித் தட்டை நான் வாங்கப் போன நேரத்தில், அவருடைய ஆபீஸ்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, “சம்பந்தி, நகத்தைச் சுத்தம் பண்ணிட்டுத் தட்டைத் தொடுங்க” என்றார். மூன்று நாளாக மண்ணெண்ணெய் போட்டும் எலுமிச்சம்பழம் போட்டும் தேய்த்த நகம் அது. நாற்பது வருஷத்துக் கிரீஸ் மூன்று நாளில் போகாது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பந்தியில் அவர் சம்சாரம் என் இலைக்கு முன்னால் வந்து, கேட்காமலே இரண்டாவது கரண்டி பாயசம் ஊற்றினார். “அண்ணே, இவரு விரல்ல இங்க் கறையோட முப்பத்தஞ்சு வருசம் என் கையால சாப்பிட்டாரு. நான் ஒருநாளாவது கழுவிட்டு வாங்கன்னு சொல்லிருப்பனா? நீங்க நல்லாச் சாப்பிடுங்க” என்றார். புருஷன் காதில் விழட்டும் என்றே சொன்னார். அந்த வீட்டில் என்னை மனுஷனாக மதித்தது அவர் ஒருத்தர்தான். இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் எழுதினால் நானே மறைத்துவிடுவேன்.

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அந்த அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். பஸ்ஸில் அந்த அம்மாவால் உட்கார முடியவில்லை. எந்த நாள் திருப்பி அனுப்புவார்கள் என்று தெரியாததால் ரயிலுக்கு முன்கூட்டியே சீட்டுப் போட முடியவில்லை. வாடகைக் காரில் போனால், வாந்தி எடுக்கும்போதெல்லாம் டிரைவர் முகத்தைச் சுளித்தானாம். அதைப் பொறுக்க முடியாமல் சம்பந்தி அறுபத்தோரு வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் எடுத்தார். அவர் வாங்கப்போகும் முதல் கார். கையில் இருந்தது கொஞ்சம். பழைய வண்டிதான் கட்டுபடியாகும். ஆனால் போக முந்நூறு, வர முந்நூறு கிலோமீட்டர் நோயாளியோடு நிற்காமல் ஓட வேண்டும். பழைய கார் பார்க்கப் போனால் தெரிந்த மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் பக்கத்து வழக்கம். அவருக்குத் தெரிந்த மெக்கானிக் நான் ஒருத்தன்தான். பட்டறை வாசலில் வந்து, எதன் மேலும் சட்டை படாமல் நின்று, “ஒரு எட்டு வந்துட்டுப் போங்க சம்பந்தி” என்றார்.

திருமங்கலம் ரோட்டில் பழைய கார் விற்கிற இடம் ஒன்றுக்குப் போனோம். நான் உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிஷமே வண்டியைக் கண்டுபிடித்துவிட்டேன். சாம்பல் நிற டீசல் வண்டி, நம்பர் 3491. ஒரே ஆள் கையில் இருந்தது. கிலோமீட்டர் காட்டுகிற மீட்டரை எவனும் பின்னால் திருப்பலாம், கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்ததைத் திருப்ப முடியாது. ரப்பரின் தேய்மானம் மீட்டரோடு ஒத்துப்போனது. ஸ்டெப்னி கிடக்கிற குழியில் துரு இல்லை. எஞ்சின் ஆறிக் கிடந்தது. சாவியைப் போட்டதும் ஒரே சுற்றில் எழுந்தது. பின் சீட்டில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். ஏசியைப் போட்டு, எஞ்சினை விரட்டி, பத்து நிமிஷம் கையை வைத்துப் பார்த்தேன். “சம்பந்தி, கண்ண மூடிட்டு எடுங்க. கன்னியாகுமரி போயிட்டுத் திரும்பிக் காசிக்கும் போகலாம்” என்றேன்.

அவர் வண்டியைப் பார்க்கவில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். “கூட்டுத்தொகை எட்டு வருது. எட்டு ஆகாது. நான் பிறந்த தேதி இருபத்துமூணு. எனக்கு அஞ்சு வரணும்.”

“எட்டுப் போட்டுத்தானே லைசென்ஸ் வாங்குனீங்க. அன்னைக்கு ஆகாதுன்னு ஏழோட எறங்கிட்டீங்களா?” என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். விற்கிறவன் சிரித்துவிட்டான். அதுதான் வினை. எங்கள் ஊரில் எட்டு வருகிற வண்டி இரண்டு வருஷமானாலும் நகராது. விலையை இறக்கிக்கொண்டே நிற்கும். வண்டிக்கு ஒரு குறையும் இருக்காது. விவரம் தெரிந்தவன் அதைத்தான் தேடி எடுப்பான். இதையும் சொன்னேன். சம்பந்தியின் முகம் சிவந்தது. “உங்களுக்கு லாரி தெரியும் சம்பந்தி, ஒத்துக்கிறேன். இது வேற. படிச்சவங்க நாலையும் யோசிச்சுத்தான் செய்வோம். போல்ட்டு நட்டு மட்டும் பாத்தாப் போதுமா?” என்றார். இந்தத் தடவை விற்கிறவன் எனக்காகச் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஓரத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. சென்னைப் பதிவு. நம்பர் 7214. கூட்டினால் ஐந்து. சம்பந்தியின் முகம் மலர்ந்துவிட்டது. பளபளவென்று பாலிஷ் போட்டு, உள்ளே மல்லிகை வாசனை அடித்து வைத்திருந்தார்கள். இவ்வளவு வாசனை எதற்கு என்று மூக்கு கேட்டது. “வந்ததுக்கு நீங்களும் ஒரு பார்வை பாத்துடுங்க” என்றார் சம்பந்தி, கூலிக்காரனுக்குச் சொல்வதுபோல. முன் சீட்டில் உட்கார்ந்தேன். பெல்ட்டைப் பிடித்தேன். மெதுவாக, முடிகிற வரைக்கும் இழுத்தேன். கோடு இருந்தது. இந்த வண்டி கழுத்துவரை தண்ணீரில் கிடந்திருக்கிறது. இப்போது ஓடும், அடுத்த மாசமும் ஓடும், உள்ளே வயரெல்லாம் பச்சை பூத்து ஒருநாள் நடுரோட்டில் மொத்தமாகச் செத்துப்போகும். விற்கிறவன் என்னைப் பார்த்தான். நான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான். நான் கையை விட்டேன். பெல்ட் சடாரென்று உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது.

“எப்படி இருக்கு?” என்றார் சம்பந்தி.

“நம்பர் நல்லாருக்கு சம்பந்தி” என்றேன்.

அன்றைக்கு என் மனதில் ஓடிய படம் இதுதான்: கப்பலூர் பக்கம் வண்டி நின்றுபோகும், அவர் எனக்குப் போன் போடுவார், நான் கயிற்றோடு போவேன், அவர் காரை என் வண்டியில் கட்டித் திருநகர் தெரு வழியாக இழுத்துக்கொண்டு வருவேன், அவருடைய ஆபீஸ்காரர்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள், என் நகத்தை நான் அவருக்குக் காட்டுவேன். பல நாள் இந்தப் படத்தை ஓட்டிப் பார்த்து ருசித்திருக்கிறேன். அந்தப் படத்தில் பின் சீட்டு காலியாக இருந்தது. கார் வாங்கினதே பின் சீட்டுக்காக என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அந்த அம்மாவை இறக்கிவிட்டுவிட்டுத்தான் படத்தை ஓட்டினேன்.

மறுநாளே 3491ஐ நான் வாங்கிவிட்டேன், வீம்புக்கு. அவர் வெள்ளைக் காருக்குக் கோவிலில் பூஜை போட்டபோது என்னையும் கூப்பிட்டார்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறியது. பின் சீட்டில் தலையணை வைத்து உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா கண்ணாடியை இறக்கி, “அண்ணே, நீங்க பாத்துச் சொன்ன வண்டி. எனக்குப் பயமே இல்ல” என்றார். கையில் திருநீற்றோடு நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு தடவை போய் வந்தார்கள். மூன்றாவது தடவை, பகல் பதினொன்றரைக்கு என் போன் அடித்தது. சம்பந்தியின் பெயர். டீ குடித்துக்கொண்டிருந்தேன். அடிக்கட்டும் என்று விட்டேன். மறுபடி அடித்தது. பக்கத்தில் இருந்த பையன்களிடம், “கண்காணிப்பாளர் கூப்பிடுறாரு, காத்திருக்கட்டும்” என்று சொல்லிச் சிரித்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தேன். “சம்பந்தி, கயத்தாறுக்கு முன்னாடி நிக்கிறோம். எதுவுமே வேலை செய்யல. கண்ணாடிகூட எறங்கல” என்றார். அவர் குரலுக்குப் பின்னால் குமட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

3491 அன்றைக்கு ஓடின மாதிரி எந்த வண்டியும் ஓடாது. ஆனாலும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. கோவில்பட்டி தாண்டினால் கரிசல் வெட்டவெளி. கரண்டு எடுக்கிற காற்றாடிகளைத் தவிர நிமிர்ந்து நிற்பது எதுவும் கிடையாது. நிழல் இல்லை. நான்கு கதவும் திறந்து கிடக்க, பின் சீட்டில் அந்த அம்மா கிடந்தார். சம்பந்தி தன் வேட்டியை அவிழ்த்துக் கதவின் மேல் பந்தலாகக் கட்டிவிட்டு, அண்டர்வேரோடு ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். நான் ஆசைப்பட்ட அவமானம் அதுதான், நான் நினைத்ததைவிடப் பெரிதாகவே கிடைத்தது. ஊர் மெக்கானிக் ஒருவர் மொபெட்டில் வந்து பார்த்துவிட்டு, முடியாது என்று கிளம்பிக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரி நேரம் தப்பிவிட்டது. அந்த அம்மாவைத் தூக்கி என் வண்டியில் படுக்க வைத்து மதுரைக்குத் திரும்பினோம். சாத்தூரில் வாந்தி எடுத்தார். “அண்ணே, உங்க வண்டிய நாசம் பண்ணிட்டேன்” என்றார். வீட்டு வாசலில் இறக்கியபோது புருஷனிடம், “இனிமே என்னைய எங்கயும் இழுத்துட்டுப் போகாதீங்க” என்றார். என் வண்டி இருக்கிறது, நானே ஓட்டுகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். மகளை விட்டுச் சொல்லச் சொன்னேன். அந்த அம்மா திரும்பக் கார் ஏறவில்லை. நாலு மாசத்தில் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னதாக மருமகன் சொன்னான். அந்தப் பேச்சை நான் சாக்காக வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் தூங்கினேன்.

சம்பந்தி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளைக் காரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார். ஒன்றரை வருஷம் கழித்து, போன மாசம், பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. பிள்ளையை மாமன் மடியில் உட்கார வைக்க என் மகனை முன்னால் அனுப்பிவிட்டு, நான் சம்பந்தியைக் கூட்டிப்போகத் திருநகர் போனேன். அதே 3491. முன் சீட்டில், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெல்ட்டைப் பிடித்தார். வெடுக்கென்று இழுக்கவில்லை, மெதுவாக, விவரம் தெரிந்தவன் இழுப்பதுபோல, முடிகிற வரைக்கும் இழுத்தார். கடைசி முழத்தை விரித்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இதுல கோடு இல்ல” என்றார்.

நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கயத்தாறு மெக்கானிக்தான் இழுத்துக் காமிச்சாரு. கூட ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போகலையா சார்னு கேட்டாரு. அவ பின்னாடி படுத்துக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா.” பெல்ட்டைக் கையிலேயே வைத்திருந்தார். “அன்னைக்கு நீங்க முழுசா இழுத்தீங்களா சம்பந்தி, பாதி இழுத்தீங்களா?”

பாதி என்று சொன்னால் நம்புவதற்குத் தயாராக இருந்தார். அந்தக் குரலில் அது இருந்தது. மிச்ச காலத்துக்கு இரண்டு பேரும் சம்பந்தியாகப் பழக, அந்த ஒரு பொய்யை அவரே எடுத்து நீட்டினார். மூன்றாம் வகுப்போடு நின்றவன், ஏதோ கவனிக்காமல் விட்டுவிட்டான் என்று போய்விடும். ஆனால் அரைகுறையாகப் பார்த்தவன் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. அது உண்மை பேசுகிற குணமா, அப்போதும் விடாத திமிரா என்று இன்னும் எனக்கே பிடிபடவில்லை.

“முழுசாத்தான் இழுத்தேன்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பெல்ட்டைச் சடாரென்று விடாமல், கையோடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகவிட்டு, மாட்டிக்கொண்டார். “எடுங்க, நேரமாச்சு” என்றார்.