கொடியைப் பார்க்காதவர்

அன்று வற்றிய உத்திரமேரூர் ஏரிக்குள் இருந்தது பைக் பந்தயத்துக்கு வந்த ஆறு பேர், கொடி பிடிக்கும் பஞ்சர் கடைக்காரர், ஒரு ஐஸ் வண்டிக்காரர், அவ்வளவுதான். முதல் மூன்று பேருக்குத்தான் இறுதிச் சுற்று. கோட்டில் என் பக்கத்தில் நின்றவர் பெருநகர் என்ற பக்கத்து ஊர்க்காரர். ஒல்லி, அரைத் தூக்கக் கண்கள். ஹெல்மெட்டுக்குள் ஏதோ மென்றுகொண்டே இருந்தார். நானோ கொடியையே பார்த்தபடி வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தேன்.

“கொடிய இன்னாத்துக்குப் பாத்துக்கினு கீற? கொடிக்காரர் வயித்தப் பாரு நைனா. மூச்சு இழுத்து வயிறு உப்பினா, அப்பாலதான் கொடிய எறக்குவாரு,” என்றார் என்னிடம்.

பார்த்தேன். வயிறு உப்பியது. பாய்ந்துவிட்டேன். கொடி அசையவேயில்லை. முந்திக் கிளம்பியதற்காக என்னைப் பின்வரிசைக்குத் தள்ளினார்கள்.

“இன்னாப்பா, கவுத்துட்டியே?” என்றேன் அவரிடம்.

“அவர் உட்டது கொட்டாவி நைனா,” என்றார், மென்றபடியே.

மறுபடி கொடி இறங்கியதுமே, வயிற்றையே பார்த்திருந்த அவர் மட்டும் ஒரு வண்டி நீளம் முன்னால் இருந்தார். நான் ஐந்தாவதாக வந்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. எதற்காகச் சொன்னார் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.