பாய்லர் ஓரத்துப் பட்ட வேம்பு

என் வீட்டுக்காரர் நல்லான் சாயப்பட்டறையில் பாய்லருக்கு விறகு போடுகிறவர். நீராவி குறைந்தால் துணியில் சாயம் திட்டுத்திட்டாக நின்றுவிடும். அதனால் அந்த மனிதர் அங்கிருந்து நகரவே முடியாது. மாற்றாள் வருவான், சூடு தாங்காமல் ஓடிப்போவான். உடுமலையில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்தும், பேத்தி முகத்தை இன்னும் போனில்தான் பார்க்கிறார். கட்டிப்போட்ட மாட்டையாவது சாயங்காலம் அவிழ்த்துவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு சிநேகிதம் வாய்த்தது, மரங்கொத்தி! விறகு அடுக்குகிற இடத்தில் பட்டுப்போன வேம்பு ஒன்று நிற்கிறது. அதில் மரங்கொத்தி ஜோடி ஒன்று பொந்து குடைந்திருந்தது. மதியச் சோறு கொண்டுபோனால் தூக்குப்போசியைத் திறக்கும் முன்பே அதன் கதைதான்.

"பாரு புள்ள, சிட்டுக்குருவிய விடக் கொஞ்சம் பெருசு. தவிட்டு நெறம், மேலெல்லாம் வெள்ளப் புள்ளி. உச்சியில மஞ்சள். ஆணுக்கு மட்டும் பின்னந்தலையில செவப்பு. வால முட்டுக்குடுத்துட்டு எப்படித் தட்டுது பாரு! உள்ள புழு இருக்குதான்னு கேக்குது."

"பேத்தி ஆரு சாடைன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார். ஏன்தான் சொன்னேனோ என்றாகிவிட்டது எனக்கு.

சித்திரை மழையில் விறகு லாரி எங்கேயோ சேற்றில் மாட்டிக்கொண்டது. நான் போனபோது விறகு தீர்ந்து, சூப்பர்வைசர் குணா கத்திக்கொண்டிருந்தான்.

"பிரஷர் எறங்குதுங்க! அந்தப் பட்ட மரத்த வெட்டிப் போடுங்க. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராதீங்க."

வீட்டுக்காரர் கோடாலியோடு மரத்தடியில் நின்றார். பொந்துக்குள் குஞ்சுகள் கீச்சிட்டன. தாய் வாயில் புழுவோடு உள்ளே போகப் பயந்து சுற்றிச் சுற்றி வந்தது.

"குஞ்சு இருக்குதுங்க, சார்," என்றார்.

பாய்லர் ரூமுக்குள் ஓடினேன். அவர் ராத்திரி படுக்கிற மர பெஞ்சைத் தரதரவென்று இழுத்து வந்து அவர் முன்னால் போட்டேன்.

"இத ஒடச்சுப் போடுங்க!"

"அப்புறம் நான் எங்க புள்ள படுக்கறது?"

"ஊட்டுக்கு வந்து படுங்க!"

பெஞ்சோடு, மூலையில் கிடந்த உடைந்த பலகைகளும் சேர்ந்து, லாரி வரும்வரை தீ தாங்கியது. மரம் தப்பித்தது. அன்று ராத்திரி அவருக்கும் சேர்த்துச் சோறாக்கி வைத்திருந்தேன். அவர் வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு மதியம் நான் உள்ளே நுழைந்ததும், "குஞ்செல்லாம் பறந்துருச்சு புள்ள!" என்றார் சந்தோஷமாக. பெஞ்சு கிடந்த இடத்தில், அவர் ராத்திரி படுத்த சாக்கு தரையில் விரித்தபடியே கிடந்தது.