டயரில் தைத்த வேல்

என் மகள் மலருக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தபோது, அவள் இதயத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அது 1998ஆம் வருஷம். மகாராஷ்டிராவில், நிக்டியில் இரண்டாவது மாடியில் வீடு. குழந்தை பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். உதடு நீலம் பூத்திருக்கும். "அப்பா, தூக்கிக்கோ" என்பாள். தூக்கிக்கொள்வேன். அவள் பார்க்காதபோது அழுவேன்.

நம் கிருத்திகைக் கூட்டத்து அன்பர்களே, போன மாதம் பஜனை முடிந்ததும் இதைச் சொல்ல எழுந்து நின்றேன். நாலு வார்த்தைக்கு மேல் குரல் எழும்பவில்லை. அதனால்தான் எழுதித் தருகிறேன். பத்து வருஷம் ஆகியும், நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

மும்பையில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும், இந்த நாளை விட்டால் அடுத்த நாள் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். பார்த்தால், வந்து சேரச் சொன்ன நாள் ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். என் மனைவி செல்வி ஆற்காட்டுப் பக்கத்துப் பெண். கிருத்திகை என்றால் அவளுக்கு உயிர். "நாக்குல அலகு குத்திக்கிறேன்னு வேண்டிக்கோங்க. அவன் பார்த்துப்பான்" என்றாள். வேண்டிக்கொண்டேன்.

இங்கே என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். போசரியில் ஒரு கம்பெனியில் நான் இன்ஸ்பெக்டர். மெஷினில் இருந்து வரும் ஒவ்வொரு பார்ட்டையும் கேஜ் வைத்து அளப்பேன். தலைமுடி அளவு கூடினாலும் குறைந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவேன். அங்கே எனக்கு 'ரிஜெக்ட் சாஹேப்' என்றுதான் பெயர். பாஸ் ஆன பார்ட்டில் பஞ்ச் என்கிற இரும்பு முளையால் தட்டி ஒரு சின்னப் புள்ளி குத்துவேன். அந்தப் புள்ளி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

அலகுக்கான குட்டி வேல், எங்கள் கம்பெனியில் லேத் ஓட்டும் டர்னர் ஜாதவ் செய்து கொடுத்ததுதான். துருப் பிடிக்காத எஃகு, சுண்டுவிரல் நீளம், தலைப்பில் இலை, மறுபக்கம் ஊசி போன்ற முனை. ஜாதவ் மராட்டிக்காரர், ஆனாலும் குளித்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மெஷினில் கை வைத்தார். நான் அதையும் கேஜ் வைத்து அளந்தேன். எல்லாம் சரி. பழக்க தோஷத்தில் அந்த இலைக்கு அடியில் ஒரு புள்ளியும் குத்திவிட்டேன். சாமியின் வேலுக்கே பாஸ் போட்டவன் நான்!

அதே வாரம்தான் காருக்கு டயரும் வாங்கினேன். பழைய கார், கையில் வந்தபோதே டயர் நாலும் மொட்டை. ஆபரேஷன் நேரம், கையைக் கடிக்கிறது. ஹைவே ஓரத்துக் கடையில் பாதி விலைக்கு நாலு டயர் பளபளவென்று அடுக்கி வைத்திருந்தார்கள். எந்தக் கம்பெனி என்று படிக்கக்கூட முடியவில்லை. "ஏக்தம் நயா, சாஹேப்", புத்தம் புதுசு என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன். நாலு சக்கரத்துக்கும் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பின் கண்ணாடியில் 'வேல் துணை' என்று எழுதியும் வைத்தேன். என் சட்டைப் பையில் டெப்த் கேஜ் இருந்தது. பள்ளத்தின் ஆழத்தை அளப்பதற்கென்றே இருக்கிற கருவி. அதை அந்த டயரில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று கொட்டும் மழை. நம் முருகன் கோயிலில் காவடி எடுத்தேன், அலகு குத்திக்கொண்டேன், வேண்டுதல் முடிந்தது. அலகு குத்திவிட்ட குருசாமியே நாக்கிலிருந்து வேலை உருவி, விபூதிப் பொட்டலத்தில் மடித்துக் கையில் கொடுத்தார். கோயில் வாசலில் காரில் ஏறும்போது பார்க்கிறேன், நனைந்து கிழிந்த காகிதம்தான் இருக்கிறது. வேலைக் காணோம். சேற்றில் முழங்கால் போட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை. காணிக்கையே கை நழுவிவிட்டதே, குழந்தையும் நழுவிவிடுவாளோ என்று நினைத்தேன். செல்வி மலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். 

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் கிளம்பினோம். அப்போது எக்ஸ்பிரஸ் ஹைவே கிடையாது. பழைய ரோடுதான், லாரிக்கு நடுவே நெளிந்து போக வேண்டும். காம்ஷேத் வந்தபோது ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் முன் டயரில் காற்றில்லை. ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்றில்லை.

ரோட்டிலேயே நின்று அழுதேன். நாக்கு வீங்கியிருந்தது, பேசினாலே ரணம். ஆனாலும் கத்தினேன். "உனக்காக நாக்கைக் குத்திக்கிட்டேனே, இதுதான் நீ குடுக்கிற கூலியா? நீ சாமியா? கல்லு!"

"சாமியப் போய் இப்படித் திட்டறீங்களே, வாயில காயம் கூட இன்னும் ஆறல" என்று செல்வி என் வாயைப் பொத்தினாள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு பஞ்சர் கடை. நம் மகாராஷ்டிரா ரோட்டில் பஞ்சர் கடை என்றால் பெரும்பாலும் மலையாளிதானே, இவரும் அப்படித்தான். பெயர் ஷாஜி. டயரைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். பிறகு விரலால் பள்ளத்தைத் தடவியவர் முகம் மாறிவிட்டது.

"சாரே, இது புது டயர் இல்ல. மொட்டை டயரை எடுத்து சூட்டுக் கத்தியில புதுசா பள்ளம் கீறி, பாலிஷ் அடிச்சுக் கொடுத்திருக்கான். பாருங்க, உள்ள நூலு தெரியுது. இந்த மழையில இதை வச்சு மலை இறங்குற காட் ரோட்டுல போனா பிரேக் பிடிக்காது. உருட்டிட்டுப் போகும்."

அப்போதுதான் கேஜை எடுத்தேன். நாலு சக்கரத்திலும் வைத்துப் பார்த்தேன். பள்ளம் இடத்துக்கு இடம் ஒரு ஆழம், அடியில் ரப்பரே இல்லை. நாலு டயரும் அப்படித்தான். கம்பெனியில் பார்த்திருந்தால், ஒரு நிமிஷத்தில் நாலையும் தூக்கிப் போட்டிருப்பேன்.

ஷாஜி குறடால் டயரிலிருந்து எதையோ பிடுங்கினார். "இதென்ன ஊசி? தலைப்புல இலை மாதிரி இருக்கே" என்று துணியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

வேல். அடியில் என் புள்ளி.

அன்பர்களே, அந்த நேரத்தில் எனக்கு என்ன ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. காது அடைத்துவிட்டது. லாரிச் சத்தமே கேட்கவில்லை. கோயில் வாசலில் தைத்தது, ஒரு பகல் ஒரு இரவு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, காட் ரோடு வருவதற்கு முன்னால் வண்டியை நிறுத்தியிருக்கிறது. செல்வி மழையிலேயே தரையில் விழுந்து கும்பிட்டாள். ஷாஜிக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்ல டயரா இருந்தா இது உள்ள இறங்கியே இருக்காது, சாரே" என்று மட்டும் சொன்னார். அதுவும் உண்மைதான். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது.

"குழந்தை போற வண்டி. நாலையும் மாத்துங்க" என்றார் ஷாஜி. நாங்கள் தாண்டி வந்த தளேகாவுக்குத் தன் ஸ்கூட்டரில் ஆள் அனுப்பிப் புது டயர் வரவழைத்தார். மருந்துக்கு வைத்திருந்த பணத்தை செல்வி எடுத்து நீட்டினாள். இரண்டு மணி நேரம் போய்விட்டது. இந்தத் தடவை கேஜ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டச் சொன்னேன்.

கண்டாலா தாண்டி இறங்கும்போது மேகம் ரோட்டிலேயே படுத்திருந்தது. ஒரு திருப்பத்தில், முன்னால் போன லாரி நின்றுகொண்டிருக்கிறது. விளக்கு கூட எரியவில்லை. கம்பி ஏற்றிய லாரி. கம்பியெல்லாம் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து பிரேக்கை மிதித்தேன். "முருகா" என்றேனா இல்லையா என்றுகூடத் தெரியாது.

வண்டி நின்றது.

கம்பி முனையில் கட்டியிருந்த சிவப்புத் துணி எங்கள் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண். இறங்கிப் போய்க் கையை வைத்து அளந்தேன். ஒரு சாணுக்கு மேல் இல்லை. அந்தப் பழைய டயராக இருந்தால்? கம்பிக்கு நேரே உட்கார்ந்திருந்தது செல்வி. அவள் மடியில் மலர் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கக்கூட இல்லை.

நாலே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் ஆபரேஷனுக்காகத்தான் வேண்டினேன். வழியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. கேட்காததையும் சேர்த்துக் கொடுத்தான். நான் கல் என்று திட்டிய அந்த நிமிஷத்தில், அவன் என் குழந்தையைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தான்.

மலிவு டயர் வாங்கினால் என்ன, லாபம்தானே என்று யாராவது கேட்டால் இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை. டயரில் தைத்த அந்த வேல் இருக்கிறதே, அதை எடுத்துக் காட்டுவேன்.

அதற்குப் பிறகு நான் அலகு குத்திக்கொள்ளவில்லை. என் காவடி வேறு. ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் கோயில் வாசலில் நிற்கிற வண்டிகளுக்கு நடுவே கேஜோடு குனிந்துகொண்டிருப்பேனே, உங்களில் பலருக்குத் தெரியும். "டயர் சாமி வந்துட்டாரு" என்று கேலி செய்வீர்கள். செய்யுங்கள். என்னிடம் ரிஜெக்ட் வாங்கிய நாலைந்து பேர் திட்டிக்கொண்டே டயர் மாற்றியதும் எனக்குத் தெரியும்.

மலருக்கு இப்போது பதினாறு. அதே வீடு, அதே படி. இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறுகிறாள். மேலே நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற என்னைப் பார்த்து, "அப்பா, தூக்கிக்கட்டுமா?" என்று சிரிக்கிறாள்.

வண்டி நின்றுபோன ரோட்டில் யாராவது அழுதுகொண்டு நின்றால், அவர்களுக்காகத்தான் இதை எழுதினேன். திட்ட வேண்டும் என்றால் திட்டிக்கொள்ளுங்கள், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஆனால் அவன் கையை விட்டுவிடாதீர்கள். வரும் ஆடிக் கிருத்திகைக்கு எல்லோரும் வாருங்கள். வண்டியில் வந்தால் முதலில் என்னிடம் வாருங்கள். டயரைப் பார்த்துவிட்டு, சேர்ந்தே உள்ளே போய் அவனைக் கும்பிடலாம்.