எடை போட்ட சோறு

இந்த ஊரில் சாப்பாட்டைத் தொடங்கும் விதமே எனக்கு முதலில் விசித்திரமாக இருந்தது. சூடான சோற்றில் மாங்காய் ஊறுகாயைப் பிசைந்து, நெய்யை ஊற்றி, அதையே முதல் கவளமாக உண்பார்கள். பாளையங்கோட்டையில் ஊறுகாய்க்குக் கடைசியில், மோர்ச்சோற்றோடுதான் இடம். ஹைதராபாத்தில் அரசு மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் கெமிஸ்டாகச் சேர்ந்து மாரெட்பள்ளியில் குடியேறிய முதல் வாரமே, பக்கத்து வீட்டு லட்சுமம்மா அப்படியொரு தட்டை அனுப்பினார். என் மனைவி எஸ்தர் கண்ணில் நீர் வழியத் தின்று விரலையும் நக்கினாள்.

முப்பத்தாறு வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. டாக்டர் மாத்திரையும், ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி என்று ஒரு தாளும் கொடுத்தார். அளவாகச் சாப்பிட வேண்டும், ஆனால் வேளை தவறக் கூடாது என்றார். முன்பாதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். ஆய்வுக்கூடத்தில் கழித்துப்போட்ட தராசு ஒன்று வீட்டுக்கு வந்தது. சோறு, பருப்பு, வாழைப்பழம் எல்லாம் அதில் ஏறி இறங்கி என் நோட்டில் கலோரியாகப் பதிவாயின. அவள் மெலிய மெலிய எனக்குப் பெருமை. நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் கண்காணிக்கப் பத்து வயது மகள் மெர்சியை வைத்தேன். "டாடி, அம்மா தோ பிஸ்கட் காயி" என்று அவள் ஒப்பிப்பாள். அம்மா தின்ற அந்த இரண்டு பிஸ்கட்டுக்கு அடுத்த வேளைச் சோற்றில் கழிப்பேன். பிறகு எஸ்தர் பெற்ற பிள்ளைக்குப் பயந்து குளியலறைக்குள் நின்று தின்றாள்.

ஒருநாள் லட்சுமம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "பெள்ளானிகி தூகம் வேசி அன்னம் பெடதாரா?" என்றார். பெண்டாட்டிக்கு எடை போட்டா சோறு போடுகிறீர்கள் என்று கேட்கிறார். "ஹவ்", ஆமாம் என்றேன், நிமிர்ந்து நின்று. அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். என் ஒழுங்கை மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கட்டுமா என்று எஸ்தர் கேட்டாள். நோட்டில் ஒரு நாள் முழுக்கச் சுழியம் விழும் என்ற சந்தோஷத்தில் சரி என்றேன். ஆனால் வழக்கம்போல் காலையில் மாத்திரையை என் கண் முன்னால் விழுங்க வைத்தேன். வெறும் வயிற்றில் அது சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும் என்று எனக்குத் தெரியும். மருந்து செய்வதுதான் என் பிழைப்பு. தெரியாமல் செய்தேன் என்று எழுத எனக்கு வழியில்லை.

சர்ச்சில் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனை முடிந்து வீடு திரும்பியபோது அவள் சேலை வியர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது.

"ஏங்க, ஒரு கை சீனி தாங்க. கண்ணு இருட்டுது."

"ஆண்டவர் சிலுவையில தொங்குத நாளு. இன்னைக்குமா ஒனக்கு நாக்கு அடங்கல?"

"ஒரு வாய்தான், ஒங்க நோட்டுல எழுதிக்கிடுங்க."

மெர்சி ஓடிப்போய் லட்சுமம்மாவிடம் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் வாங்கி வந்தாள். "டாடி, ப்ளீஸ்" என்றாள். நான் தட்டிவிட்டேன். எஸ்தர் தரையில் குனிந்து, சிந்தியதை விரலால் தொட்டு வாயில் வைக்கப் பார்த்தாள். நடிக்கிறாள் என்று எண்ணி அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். மாலையில் திறந்தபோது வாய் கோணி, நினைவின்றிக் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உயிர் வந்தது, புத்தி வரவில்லை. ஏழு வருடம் இருந்தாள். என்னையும் மெர்சியையும் தெரியாது. பசி மட்டும் தெரியும். ஊட்டுகிற கை யாருடையது என்று பார்க்காமலே வாயைத் திறப்பாள். அந்த ஏழு வருடமும் நான் அளக்காமல் ஊட்டினேன்.

இப்போது மெர்சி கல்யாணமாகி இதே ஊரில்தான் இருக்கிறாள். தமிழ் பேசுவதில்லை, என்னோடு உட்கார்ந்து உண்பதில்லை. லட்சுமம்மா மதில் பக்கம் வருவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. ஊருக்குப் போனால் எஸ்தரின் அண்ணன் வீட்டில் எனக்கு இலை போடுவார்கள், சாப்பிடுங்கள் என்று சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள். சாப்பிட்டாயா என்பதுதான் இரண்டு ஊரிலும் மனிதரை மனிதர் விசாரிக்கும் முறை. இரண்டு ஊரிலும் என்னை யாரும் அப்படி விசாரிப்பதில்லை. சென்ற முறை ரயிலில், கூடூர் தாண்டியதும், எதிரில் இருந்த முன்பின் அறியாத அம்மாள் பொட்டலத்தைப் பிரித்தபடி, "சாப்ட்டீங்களா ஐயா?" என்றார். ஆச்சு என்று பொய் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே ஓடிய வயல் ஆந்திராவுடையதா, தமிழ்நாட்டுடையதா என்று எனக்குத் தெரியவில்லை.