சுங்குவார்சத்திரத்தில் எங்கள் வழிகாட்டி

சென்னையிலிருந்து கேரளம்வரை முதுகுப்பையோடு தரைவழியாகப் போகும் சுற்றுலாக் குழுவில் சேர்ந்திருந்தேன். எங்கள் வழிகாட்டிக்கு எந்த வெயிலிலும் கலையாத தலைமுடி. ஓயாமல் தன்னையே வீடியோ எடுத்துக்கொள்வார். எங்களைச் சுமையோடு நடக்கவிட்டு, தன் பையை மட்டும் வேனில் அனுப்பிவிடுவார்.

சுங்குவார்சத்திரத்தில், குழுவில் வந்த பெண் ஒருத்தி வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தாள். வழிகாட்டி ஓடிவந்தார், செல்போனை நீட்டியபடி.

அந்த வழியே வந்த கம்பெனி பஸ் நின்றது. ஷிஃப்ட் முடிந்து திரும்பிய பெண்கள் இறங்கி அவளைத் தூக்கினார்கள்.

"யோவ், இன்னா படம் புடிச்சிகினு நிக்கிற? காலைப் புடி!" என்று ஒரு பெண் அதட்டினாள்.

"இருங்கம்மா, இந்த மாதிரி சீன் திரும்பக் கிடைக்காது" என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்ததும், "மேடம், மறக்காம அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க" என்றார்.

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையாலேயே அவளும் போட்டாள். ஏன் போட்டாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.